மேமோகிராமில் சந்தேகம்... பயாப்சிக்கு முந்தைய அந்த நாள்களை எப்படிக் கடப்பது?

மயிலாடுதுறையிலோ கும்பகோணத்திலோ மேமோகிராம் எடுத்துவிட்டு, ஸ்கேன் சென்டரின் பெரிய உறையை மடியில் வைத்துக்கொண்டு குத்தாலத்துக்குப் பஸ் ஏறும் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். உறைக்குள் இருக்கும் ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருக்கும். அதில் அவர்களுக்குப் புரிவது ஒன்றே ஒன்றுதான். கிளம்பும்போது டாக்டர் சொன்ன வார்த்தை: "ஒரு சந்தேகம் இருக்கும்மா. சதை எடுத்து டெஸ்ட் பண்ணிடலாம்."

அந்த நொடியிலிருந்து பயாப்சி முடிவு கையில் வரும்வரை ஒரு வாரமோ, இரண்டு வாரமோ ஆகலாம். நோய் இருக்கிறதா, இல்லையா என்றே தெரியாத இந்த நாள்கள்தான் மிகவும் கொடுமையானவை என்று, இதைக் கடந்து வந்த பல பெண்கள் சொல்வதுண்டு. சமையல் நடக்கும், பிள்ளைகள் பள்ளிக்குப் போகும், வாசலில் கோலம் விழும். ஆனால், மனசு மட்டும் அந்த உறைக்குள்ளேயே இருக்கும்.

இந்த நாள்களை எப்படிக் கடப்பது? ரிப்போர்ட்டில் இருப்பது என்ன, பயாப்சி அன்று என்ன நடக்கும், வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'சந்தேகம்' என்றால் என்ன அர்த்தம்?

மேமோகிராம் ரிப்போர்ட்டின் கடைசியில் 'பை-ராட்ஸ்' என்று ஒரு வார்த்தையும், பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்கள் அமைப்பு உருவாக்கிய இந்த அளவுகோலைத்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். 0 முதல் 6 வரை எண்கள். இவை நோயின் 'ஸ்டேஜ்' அல்ல என்பதை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். '4 போட்டிருக்காங்க, அப்போ நாலாவது ஸ்டேஜா?' என்று பதறுகிறவர்கள் நிறைய பேர். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

0 என்றால், படம் போதவில்லை, இன்னும் ஒரு ஸ்கேன் தேவை என்று பொருள். 1, 2 என்றால் கவலைப்பட எதுவும் இல்லை. 3 என்றால் புற்றாக இருக்க வாய்ப்பு 100-க்கு 2 அல்லது அதற்கும் குறைவு. பெரும்பாலும் 6 மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள். 4 வந்தால்தான் 'சந்தேகம்' என்ற வார்த்தை வருகிறது. அதிலும் மூன்று படிகள் உண்டு. 4ஏ என்றால் 100 பேரில் 2 முதல் 10 பேருக்குத்தான் புற்று. 4பி என்றால் 10 முதல் 50 பேர். 4சி என்றால் 50 முதல் 95 பேர். 5 என்றால் 95-க்கும் மேல். 6 என்பது, பயாப்சியில் ஏற்கெனவே உறுதியானவர்களுக்கு.

ஆக, 'சந்தேகம்' என்ற ஒரே வார்த்தைக்குள் 100-க்கு 2 என்பதும் இருக்கிறது, 100-க்கு 95 என்பதும் இருக்கிறது. உங்கள் எண் எது என்று டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். அமெரிக்காவில் மார்பக பயாப்சி செய்துகொள்ளும் பெண்களில் சுமார் 5-ல் 4 பேருக்குப் புற்று இல்லை என்றுதான் முடிவு வருகிறது. அங்கே அறிகுறி எதுவும் இல்லாதபோதே மேமோகிராம் எடுத்துக்கொள்கிறார்கள். நம்மூரில் கட்டி கையில் தட்டுப்பட்ட பிறகுதான் பலர் போகிறார்கள். அதனால் அந்தக் கணக்கை நமக்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. ஆனாலும், மார்பில் வரும் கட்டிகள் எல்லாம் புற்று அல்ல என்பது எங்கேயும் உண்மை. ஃபைப்ரோஅடினோமா என்ற சாதாரணக் கட்டி, நீர்க்கட்டி, பழைய அடியால் உறைந்த கொழுப்பு, ஏன், நம் நாட்டில் காசநோய்கூட மார்பில் கட்டியாக வரலாம். எது என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாதபோதுதான் சதையை எடுத்துப் பார்க்கிறார்கள்.

பயம் வருவது பலவீனமா?

'இன்னும் ஒண்ணுமே தெரியல, அதுக்குள்ள ஏன் இப்படி அழுவுற?' என்று வீட்டில் கேட்பார்கள். அதற்கு ஓர் ஆய்வே பதில் சொல்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பயாப்சி செய்துகொண்ட 126 பெண்களின் உமிழ்நீரை எடுத்து, மனஅழுத்தத்தின்போது மாறும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அளந்தார்கள். 2009-ல் வெளியான அந்த ஆய்வின்படி, 'புற்று' என்று முடிவு தெரிந்த பெண்களின் உடலில் அந்த ஹார்மோன் எப்படித் தாறுமாறாக இருந்ததோ, கிட்டத்தட்ட அப்படியேதான் இன்னும் முடிவு தெரியாமல் காத்திருந்த பெண்களுக்கும் இருந்தது.

அதாவது, தெரியாமல் இருப்பதே உடம்புக்குப் பெரிய பாரம். தூக்கம் வராதது, படபடப்பு, பசியின்மை, எதற்கெடுத்தாலும் எரிச்சல் எல்லாம் அதனால் வருபவை. 'நான் மட்டும்தான் இப்படிப் பயப்படுகிறேனோ' என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளத் தேவையில்லை.

"கத்தி பட்டா பரவிடுமாம்ல அத்தாச்சி?"

பயாப்சி என்றதும் டெல்டா கிராமங்களில் முதலில் எழும் கேள்வி இதுதான். 'கட்டியைச் சும்மா விட்டா அது பாட்டுக்கு இருக்கும், ஊசி குத்துனா கெளம்பிடும்' என்று சொல்ல ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். இந்தப் பேச்சைக் கேட்டுப் பாதியில் திரும்பிவிடுகிறவர்களும் உண்டு.

மருத்துவம் சொல்வது வேறு. ஊசி மூலம் சதை எடுப்பதால் நோய் பரவி உயிருக்கு ஆபத்து கூடுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. உலகம் முழுக்க மார்பகக் கட்டிக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவதே ஊசி பயாப்சிதான். இந்த வதந்தி எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது கடினம் இல்லை. முன்பெல்லாம் கட்டி பெரிதாகி, புண்ணாகி, வேறு வழியே இல்லாதபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். போய்ச் சில மாதங்களில் இறந்தபோது, தாமதத்தை விட்டுவிட்டு, பழியை ஊசி மேல் போட்டார்கள்.

கட்டியின் மேல் பற்றுப் போடுவது, உருவிவிடுவது, சூடு வைப்பது எதுவும் வேண்டாம். அதனால் தோல் புண்ணாகி, பிறகு பரிசோதனையே சிக்கலாகும்.

எத்தனை நாள் காத்திருக்கலாம்?

இங்கே ஓர் ஆறுதலும் உண்டு, ஓர் எச்சரிக்கையும் உண்டு.

ஆறுதல்: மார்பகப் புற்று நேற்று ராத்திரி வந்து நாளைக் காலையில் கொல்லும் நோய் அல்ல. பயாப்சிக்கு அடுத்த வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள் என்றால், அந்த ஒரு வாரத்தில் எல்லாம் கைமீறிப் போய்விடாது. 'இன்னைக்கே பண்ணலைன்னா போச்சு' என்று பதறத் தேவையில்லை.

எச்சரிக்கை: வாரம் வேறு, மாதம் வேறு. 1999-ல் 'லான்செட்' மருத்துவ இதழில், பல நாடுகளில் நடந்த 87 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது. அறிகுறி தெரிந்து 3 மாதத்துக்கு மேல் தாமதித்த பெண்களில், 5 ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்களின் விகிதம், சீக்கிரம் வந்தவர்களைவிட 12 சதவிகிதம் குறைவாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம், அறிகுறியோடு ஒரு பெண் முதலில் மருத்துவமனைக்கு வந்த நாளிலிருந்து 60 நாள்களுக்குள் நோய் என்ன என்று உறுதிசெய்துவிட வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது.

இதை நம்மூர்க் கணக்கில் பாருங்கள். 'நடவு நேரம், இப்ப எங்க போறது? அறுப்பு முடியட்டும்' என்று சொல்வது குத்தாலம் பக்கத்தில் சாதாரணம். பக்கத்து ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ஆடுதுறை 36, ஆடுதுறை 43 போன்ற குறுவை ரகங்களுக்கே வயது சுமார் 110 நாள். நாற்று விட்டதிலிருந்து அறுப்பு முடியும்வரை என்று தள்ளிப்போட்டால், அந்த 3 மாத எல்லையைத் தாண்டிவிடுகிறோம். சம்பா என்றால் கேட்கவே வேண்டாம். பேத்திக்குக் காதுகுத்து, ஐப்பசி கடைமுழுக்கு, பையனுக்குப் பெண் பார்ப்பது என்று காரணங்களுக்கும் நம்மிடம் பஞ்சம் இல்லை. வயலில் உங்கள் இடத்தில் ஒரு நாள் வேறு ஆள் இறங்கலாம். பயாப்சி மேஜையில் உங்களுக்குப் பதிலாக வேறு யாரும் படுக்க முடியாது.

பயாப்சி அன்று என்னதான் நடக்கும்?

பாதி பயம், என்ன நடக்கும் என்று தெரியாததால் வருவது. பெரும்பாலானவர்களுக்குச் செய்யப்படுவது 'கோர் நீடில் பயாப்சி'. மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைக்கும் ஆபரேஷன் இல்லை. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைக்கும் ஊசி போடுவார்கள். அது போடும்போது சுருக்கென்று எரியும். பல் பிடுங்கும்முன் போடுவது போலத்தான். பிறகு ஸ்கேன் கருவியை மார்பில் வைத்து, திரையில் கட்டியைப் பார்த்துக்கொண்டே, கொஞ்சம் தடிமனான ஊசியை உள்ளே விடுவார்கள். சதைத் துணுக்கை எடுக்கும்போது 'டக்' என்று ஸ்டேப்ளர் அடிப்பது போல ஒரு சத்தம் கேட்கும். முன்னாலேயே தெரியாவிட்டால் அந்தச் சத்தம்தான் தூக்கிவாரிப்போடும். வலியைவிட அழுத்தம்தான் தெரியும். அரிசியைவிடக் கொஞ்சம் நீளமான மெல்லிய துணுக்குகளாகச் சில எடுப்பார்கள். அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். தையல் இருக்காது. சிறிய கட்டு மட்டும் போட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

போகும் முன்:

* ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் (இதய நோய்க்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்றவை) முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், சொல்லாமல் போகவும் வேண்டாம்.
* சர்க்கரை நோய், மருந்து ஒவ்வாமை, கர்ப்பம் இருந்தால் சொல்லுங்கள்.
* வெறும் வயிற்றில் வரச் சொல்லாவிட்டால், இட்லியோ பழைய சோறோ, வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டே போகலாம்.
* முன்பக்கம் ஊக்கு வைத்த ரவிக்கை அல்லது தளர்வான மேல்சட்டை வசதி. அக்குளில் பவுடர், வாசனைத் திரவியம் வேண்டாம்.
* பழைய மேமோகிராம், ஸ்கேன் படங்கள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் நகலும் உறையில் இருக்கட்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழி இருக்கிறது. புற்றுநோய் சிகிச்சைகளும் அதில் அடக்கம்.

வந்த பிறகு, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைச் சிறிது நேரம் ஒத்தி எடுங்கள். ஒன்றிரண்டு நாள் தண்ணிக் குடம், மூட்டை தூக்க வேண்டாம். நீலமாகக் கன்றிப்போவது சகஜம், தானே மறையும். ரத்தம் நிற்காமல் கசிந்தாலோ, காய்ச்சல், சீழ், வீக்கம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ராத்திரிதான் நீளம்... என்ன செய்யலாம்?

பகலில் வேலை இழுத்துக்கொள்ளும். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, மின்விசிறி சத்தத்தோடு மனசும் சுற்ற ஆரம்பிக்கும். 'பொண்ணு கல்யாணத்தைப் பார்ப்பேனா?' என்பதில் ஆரம்பித்து எங்கெங்கோ போகும். முழுதாக நிறுத்த முடியாது. ஆனால், கைக்குள் வைக்கலாம்.

கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள். சாயந்திரம் அரை மணி நேரம். மனதில் வருவதை ஒரு நோட்டில் எழுதுங்கள், அல்லது நம்பிக்கையான ஒருவரிடம் கொட்டுங்கள். ராத்திரி அது எட்டிப் பார்த்தால் 'நாளை சாயந்திரம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிவையுங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம், ஆனால் மனநல ஆலோசகர்கள் சொல்லித் தரும் முறைதான் இது.

கேள்விகளைத் தனியாக எழுதுங்கள். 'ரிசல்ட் எந்தத் தேதி வரும்? யார் சொல்வார்கள்? போனிலா, நேரிலா? வராவிட்டால் யாரைக் கேட்பது?' இந்த நாலும் தெரிந்தாலே பாதிப் பதற்றம் குறையும். எப்போது வரும் என்று தெரியாத ரிசல்ட்டுக்கு ஒவ்வொரு போன் மணியும் அதிர்ச்சிதான்.

மொபைலை இரவில் தள்ளி வையுங்கள். வாட்ஸ்அப் ஃபார்வர்டும் யூடியூப் வைத்தியமும் உங்கள் ரிப்போர்ட்டைப் படித்ததில்லை. தேடித்தான் ஆக வேண்டும் என்றால் பகலில் தேடுங்கள், படித்ததை டாக்டரிடம் கேளுங்கள்.

மூச்சும் பாட்டும் உதவும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பயாப்சிக்கு வந்த 121 பெண்களைப் பிரித்து, சிலருக்கு தியானப் பதிவும், சிலருக்குப் பிடித்த இசையும் பயாப்சியின்போதே கேட்க வைத்தார்கள். 2016-ல் வெளியான முடிவின்படி, வழக்கமான முறையில் செய்துகொண்டவர்களைவிட, இவர்களுக்குப் பதற்றம் நன்றாகவே குறைந்திருந்தது. உங்களுக்கு இளையராஜாவோ, கந்த சஷ்டி கவசமோ, வேளாங்கண்ணி மாதா பாட்டோ, நாகூர் ஹனிபாவோ... எது மனதை அமர்த்துமோ அதை ஸ்கேன் அறையில் கேட்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுவதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். பல நாள் தூக்கமே இல்லை, சாப்பிட முடியவில்லை, வாழ்வதே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் '14416' என்ற டெலி-மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. தமிழக அரசின் '104' சுகாதார உதவி எண்ணும் இருக்கிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

'ஒண்ணும் இருக்காது, விடு' என்பது ஆறுதல் போலத் தெரியும். கேட்பவருக்கு, 'இதைப் பத்திப் பேசாதே' என்று காதில் விழும். அதற்குப் பதில், 'எனக்கும் பயமாத்தான் இருக்கு, எதுவா இருந்தாலும் நான் கூட வர்றேன்' என்று சொல்லிப் பாருங்கள். கணவர்கள் பலர் பேசத் தெரியாமல் ஒதுங்கிப்போவார்கள். பேசவே வேண்டாம், ரிப்போர்ட் உறையைக் கையில் வாங்கிக்கொண்டு கூட நடந்தால் போதும். அன்றைக்குச் சமையலை வேறு யாராவது பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

யாரிடம் சொல்வது என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும். ஊருக்கே தெரிந்தால், விசாரிக்க வருகிறவர்களுக்குக் காபி போட்டே அவர் களைத்துப்போவார். இரண்டு பேர் போதும். ஒருவர் கூட வர, இன்னொருவர் கேட்க. பிள்ளைகளிடம் முழுக்க மறைக்க வேண்டாம். 'அம்மாவுக்கு ஒரு டெஸ்ட் இருக்கு, ரிசல்ட் வந்ததும் சொல்றேன்' என்றால் போதும். அவர்கள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ரிசல்ட்டை யார் முதலில் கேட்க வேண்டும்?

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. 'அம்மா தாங்க மாட்டாங்க, எங்ககிட்ட மட்டும் சொல்லுங்க டாக்டர்' என்று மகனோ, மருமகனோ உள்ளே போய்விடுவார். அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால், வெளியே இருப்பவர் அவர்கள் முகத்தை வைத்து, உண்மையைவிட மோசமாகக் கற்பனை செய்துகொள்வார்.

இந்த உரிமைக்காக ஒரு காலத்தில் பெண்கள் போராட வேண்டியிருந்தது. 1974 செப்டம்பரில், அமெரிக்க அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கு மார்பில் கட்டி தென்பட்டது. மயக்க மருந்து கொடுத்து பயாப்சி செய்தார்கள், புற்று என்றதும் அதே மயக்கத்திலேயே மார்பகத்தை அகற்றினார்கள். அன்று எல்லாப் பெண்களுக்கும் அதுதான் நடைமுறை. கண் விழிக்கும்போது மார்பு இருக்குமா, இருக்காதா என்று தெரியாமலே மேஜையில் படுக்க வேண்டும். அதே ஆண்டு ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளருக்கும் கட்டி வந்தது. 'முதலில் பயாப்சி மட்டும் செய்யுங்கள், முடிவைப் பார்த்து நான் தீர்மானிக்கிறேன்' என்றார். பல மருத்துவர்கள் மறுத்தார்கள். அவர் விடவில்லை. எழுதினார், வாதாடினார். 1979-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, பயாப்சியும் சிகிச்சையும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தக் குழுவில் குஷ்னரும் இருந்தார்.

இன்று நாம் திட்டிக்கொண்டே கடக்கும் இந்தக் காத்திருப்பு, அப்படிக் கிடைத்த ஒன்று. யோசிக்க, கேட்க, இன்னொரு டாக்டரிடம் கருத்து வாங்க, நம் உடம்புக்கு என்ன செய்வது என்று நாமே முடிவெடுக்க அது நேரம் தருகிறது. அதனால், ரிசல்ட் சொல்லும் அறையில் அந்தப் பெண்ணும் இருக்கட்டும், பக்கத்தில் மகனும் இருக்கட்டும்.

முடிவு வந்த பிறகு...

'பினைன்' என்றால் புற்று இல்லை. சந்தோஷப்படுங்கள். ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிடுங்கள்: 'ஸ்கேனில் பார்த்ததும் பயாப்சி முடிவும் ஒத்துப்போகிறதா?' படம் மிகவும் சந்தேகமாக இருந்து, முடிவு சாதாரணமாக வந்தால் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். 'ஏ-டிப்பிக்கல்' என்று வந்தால் இரண்டுக்கும் நடுவில். இன்னும் கொஞ்சம் சதை எடுக்கவோ, தொடர்ந்து கவனிக்கவோ சொல்வார்கள்.

'மாலிக்னன்ட்' என்று வந்தால்? அன்றைக்கு அழுவதில் தப்பில்லை. அதன் பிறகு, ஹார்மோன் ஏற்பிகள் உள்ளனவா, ஹெர்-2 புரதம் உள்ளதா என்று அதே சதையில் இன்னும் சில பரிசோதனைகள் நடக்கும். எந்த மருந்து உங்களுக்குப் பொருந்தும் என்று சொல்வது அவைதான், அதற்கும் சில நாள்கள் ஆகும். அமெரிக்கப் புள்ளிவிவரத்தில், மார்பகத்தைத் தாண்டாத நிலையில் கண்டறியப்பட்டவர்களின் 5 ஆண்டு பிழைப்பு விகிதம் 99 சதவிகிதத்துக்கும் மேல். 2022-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டதாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை கணித்திருக்கிறது. சுமார் 98,000 பேர் இறந்தார்கள். நம் நாட்டில் பலர் தாமதமாக வருவது இந்த இறப்புகளுக்கு ஒரு முக்கியமான காரணம்.

நடிகை கௌதமிக்கு 35 வயதில் மார்பகப் புற்று வந்தது. கட்டியைத் தானே தடவிப் பார்த்துக் கண்டுபிடித்ததாகப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். சிகிச்சை முடிந்து, இன்று மற்றவர்களுக்கு நம்பிக்கை சொல்கிறார். நூறாண்டு பின்னால் போனால், புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துக்கம்தான் 1954-ல் சென்னை அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையாக நின்றது. புற்று என்றால் சாவு என்றே பலரும் நம்பிய காலம் அது. இன்று குத்தாலத்தில் ரயில் ஏறினால் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடலாம். புதுச்சேரி ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. 30 வயதைக் கடந்த பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யப்படுகிறது.

பயாப்சிக்குத் தேதி வாங்கிவிட்டீர்களா? காலண்டரில் வட்டம் போடுங்கள். கூட வருகிறவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். கேள்விகளை எழுதிய தாளை உறைக்குள் வையுங்கள். இன்னும் தேதி வாங்கவில்லை என்றால், நாளைக் காலை முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.